பணம் ஏறும் முன்னே பொருள் போகலாமா?

இணையத்தில் பொருள் விற்று ஏமாந்தவருக்கு நம் நாட்டில் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "கொஞ்சம் பார்த்துச் செஞ்சிருக்கலாமே." ஈப்போ புந்தோங்கில் முறுக்கும் கச்சாங் பூத்தேயும் பொட்டலம் கட்டி அனுப்புகிறவர், சுங்கை சிப்புட்டில் தாமான் வீட்டு முன்கூடத்தில் நின்று ஃபேஸ்புக் நேரலையில் சேலை விற்கிறவர், பத்து காஜாவில் பிள்ளை ஓட்டி முடித்த சைக்கிளுக்கு முடா இணையத்தளத்தில் விளம்பரம் போடுகிறவர் ஆகிய யாரும் பார்த்துச் செய்யத் தெரியாதவர்கள் அல்லர். வெள்ளிக்கு வெள்ளி கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்கள். அவர்களிடம் குறைவது கவனம் என்ற முடிவை நான் ஏற்கவில்லை. விற்பவருக்கு இருக்கும் ஒரே பலம், பொருள் இன்னும் தன் கையில் இருக்கிறது என்பதுதான். பணம் உறுதியாகும் முன்பே அந்தப் பொருளை நகர்த்த வைப்பதுதான் விற்பவர்மீது நடக்கும் ஏறக்குறைய எல்லா மோசடிக்கும் அடிப்படை. அந்தக் கணத்தைக் காக்கும் ஏற்பாடு நம்மிடம் மிகக் குறைவு. சட்டம், வங்கி, விற்பனைத் தளம் ஆகிய மூன்றும் வாங்குபவரைக் காக்கவே வரிசையில் நிற்கின்றன. சிறு விற்பனையாளரும் காக்கப்பட வேண்டியவர் என்ற எண்ணம் இன்னும் நம் பொதுப்பேச்சில் வரவில்லை.

பேராவில் இந்தக் கேள்விக்கு ஒரு பின்புலம் உண்டு. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கிய தோட்ட வாழ்வில், கடன் என்பது அன்றாட நடைமுறை. தோட்டக் கடைக்காரர் அரிசியும் மீன் டின்னும் மண்ணெண்ணெயும் கொடுத்துவிட்டு 555 என்று அட்டையில் அச்சிட்ட சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பொருள் முன்னே போகும், பணம் பின்னே வரும். மேலோட்டமாகப் பார்த்தால் இன்று சேலை விற்பவர் செய்வதும் இதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கடைக்காரர் பொருளைக் கைவிட்டபோது வேறொன்றைப் பிடித்துக்கொண்டுதான் கைவிட்டார். கடன் வாங்கியவரின் லயம் எது, சம்பள நாள் எது, அவருக்கு இந்த மாதம் எத்தனை நாள் பெயர் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சம்பள நாளில் ஆபீஸ் பக்கம் போய் நின்றால் போதும். புத்தகமும் இரண்டு பேரும் பார்க்கக்கூடிய ஒன்று. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கும்படி செய்தபோதும், 100 வெள்ளிப் பங்குக்கு மாதம் 10 வெள்ளி என்று பணம் சேர்ந்தது வெறும் நல்லெண்ணத்தால் அல்ல. பங்கு இருந்தது, பதிவு இருந்தது, கேள்வி கேட்கக் கூட்டம் இருந்தது. நம் முன்னோர் ஆளை நம்பினார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். நம்பிக்கை தவறினால் என்ன செய்வது என்பதற்கும் அவர்களிடம் வழி இருந்தது.

தோட்டங்கள் கைமாறி, ரப்பர் செம்பனையாகி, லயங்கள் காலியாகி, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிய பிறகு அந்த வழி போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. நேரலையில் "அக்கா, 12-ஆம் நம்பர் எனக்கு" என்று எழுதியவரை விற்பவர் தங்கச்சி என்று கூப்பிட்டு, பொட்டலத்தில் பெயர் எழுதி ஒதுக்கி வைக்கிறார். அந்தத் தங்கச்சியின் ஊர் தெரியாது, உண்மைப் பெயர் தெரியாது, முகப்புப் படத்தில் இருப்பது ஒரு நடிகையோ குழந்தையோ ஒரு ரோஜாப் பூவோ. உறவுச் சொல் வருகிறது, உறவுக்குப் பின்னால் இருந்த லயமும் சம்பள நாளும் வரவில்லை. மோசடிக்காரர்கள் இதை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். தமிழில் பேசுவார்கள், பிள்ளைக்குக் காதுகுத்து என்பார்கள், இன்றைக்கே வேண்டும் என்பார்கள்.

பணம் கொடுக்காதவர் எல்லாரும் மோசடிக்காரர் அல்லர் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இதைக் கலந்து குழப்புவதால்தான் பல விற்பனையாளர்கள் தவறான கதவைத் தட்டி, ஒன்றும் நடக்கவில்லை என்று சோர்ந்துபோகிறார்கள். முதல் வகை, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர். ஏலக் குழுக்களில் 'ஜாய் பிடர்' என்று அழைக்கப்படுபவரும், வீட்டு வாசலில் கூரியர்காரர் வந்து நின்றதும் பொட்டலத்தை மறுத்துத் திருப்பி அனுப்புகிறவரும் இதில் சேர்வர். பொருள் திரும்ப வந்துவிடும், ஆனால் அனுப்புக் கூலியும் நேரமும் போய்விடும். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு ஒதுக்கி வைத்த முறுக்கு என்றால் பொருளும் போனதுதான். இவர்கள்மீது போலீஸ் புகார் செய்து பயனில்லை. மனம் மாறுவது குற்றமல்ல. ஆனால் விற்பவருக்கு இங்கே ஓர் உரிமை உண்டு, அது பலருக்குத் தெரியாது. தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், விலை பெறாத விற்பனையாளர் என்று ஒருவரைத் தனியாகவே அடையாளம் காட்டுகிறது. வேறு உடன்பாடு இல்லாத வரை பொருளை ஒப்படைப்பதும் விலையைக் கொடுப்பதும் ஒன்றாக நடக்க வேண்டியவை என்கிறது. பொருள் கையில் இருக்கும்வரை, விலை வராமல் அதைக் கொடுக்க மறுக்கலாம். 54-ஆம் பிரிவின்படி, கெட்டுப்போகும் பொருளையோ, மறுவிற்பனை செய்வேன் என்று முன்னறிவிப்புக் கொடுத்த பிறகும் நியாயமான நேரத்துக்குள் பணம் வராத பொருளையோ வேறொருவருக்கு விற்றுவிடலாம். ஆகவே "நாளை மதியம் 12 மணிக்குள் பணம் வரவில்லை என்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுவது மரியாதைக் குறைவு இல்லை. அது சட்டம் எதிர்பார்க்கும் முன்னறிவிப்பு.

இரண்டாம் வகை, பொருளை வாங்கிக்கொண்டு இழுத்தடிக்கிறவர். பெரும்பாலும் தெரிந்தவர், அல்லது தெரிந்தவருக்குத் தெரிந்தவர். அடுத்த மாதம், போனஸ் வந்ததும், கூத்துச் சீட்டுப் பணம் விழுந்ததும் என்று நாள் தள்ளுகிறவர். இது கடன். ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் தண்டனைச் சட்டம் 415, 420 பிரிவுகளின் கீழ் மோசடியாகும். வெறும் தாமதம் உரிமையியல் வழக்கு. அதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுகோரிக்கை நடைமுறை இருக்கிறது. 5,000 ரிங்கிட் வரை கோரலாம், தனிநபர்தான் வழக்குப் போட முடியும், வழக்கறிஞர் வைக்க முடியாது, 198-ஆம் பாரத்தை நிரப்பினால் வழக்குத் தொடங்கிவிடும். 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93-ஆம் கட்டளை சொல்வது இதுதான். ஏழை மனிதர் தானே நின்று பேசட்டும் என்று நினைத்து வகுத்த நல்ல ஏற்பாடு. உரையாடல் பதிவுகள், அனுப்பிய ரசீது, பொட்டலத்தின் படம் ஆகியவற்றை அச்செடுத்து வைத்திருந்தால் வழக்கு நிற்கும். ஆனால் எதிராளியின் உண்மைப் பெயரும் முகவரியும் இல்லாமல் அந்தப் பாரத்தின் முதல் பகுதியையே நிரப்ப முடியாது.

மூன்றாம் வகைதான் மோசடி. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மிகச் சாதாரணமானது போலி ரசீது. வாங்குபவர் "பேங்க்-இன் பண்ணிட்டேன்" என்று சொல்லி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார். வங்கியின் சின்னம், பச்சை நிறத்தில் வெற்றி என்ற சொல், தேதி, நேரம், நீளமான குறிப்பெண், விற்பவரின் பெயர், சென் வரை சரியான தொகை எல்லாம் அதில் இருக்கும். பழைய ரசீது ஒன்றை எடுத்து எழுத்துகளை மாற்றினால் போதும், இரண்டு நிமிட வேலை. கூடவே லாலாமூவ் ஓட்டுநர் வாசலுக்கு வந்துவிட்டார் என்று ஒரு செய்தி. வெளியே மோட்டார் நிற்கிறது, உள்ளே குழந்தை அழுகிறது, பணம் இன்னும் ஏறவில்லையே என்று கேட்டால் "லைன் ஸ்லோ அக்கா" என்று பதில். 2018 டிசம்பரில் டுயிட்நாவ் வந்த பிறகு வங்கிக்கு வங்கி பணம் நொடிகளில் ஏறிவிடுகிறது. அப்படியிருக்க, இன்னும் ஏறாத பணத்துக்கு ரசீது மட்டும் காட்டுகிறவரை நம்பக் காரணமே இல்லை. உடனடிப் பரிமாற்றம் அல்லாத பழைய முறையில் அனுப்பினேன், நாளை ஏறும் என்பார்கள். எனில் பொருளும் நாளையே போகட்டும்.

இதைவிட நுட்பமானது காசோலை வித்தை. வாங்குபவர் இயந்திரத்தில் காசோலையைப் போடுகிறார், அதுவும் பேசிய விலையைவிடக் கூடுதலாக. விற்பவரின் கணக்கில் தொகை தெரிகிறது. தவறிக் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறார். நல்ல மனம் படைத்தவர் உடனே அனுப்புகிறார். இரண்டு நாளில் காசோலை திரும்புகிறது. கணக்கில் தெரிகிற தொகை வேறு, எடுக்கக்கூடிய தொகை வேறு என்ற ஒரே வேறுபாட்டில் பொருளும் பணமும் சேர்ந்து போகின்றன. அடுத்தது, பணம் பெற்றுக்கொள்ள இந்த இணைப்பைத் தட்டுங்கள் என்று கூரியர் நிறுவனத்தின் பெயரிலோ விற்பனைத் தளத்தின் பெயரிலோ வரும் போலிப் பக்கம். அங்கே வங்கிக் கணக்கின் பயனர் பெயரும் மறைச்சொல்லும் கேட்கப்படும். பணம் பெறுவதற்கு மறைச்சொல் எதற்கு என்று ஒரு நொடி யோசித்தால் விடை தெரிந்துவிடும். அந்த ஒரு நொடியைக் கொடுக்காமல் அவசரப்படுத்துவதுதான் அவர்களின் தொழில்.

எனக்கு மிகவும் கொடுமையாகத் தெரிவது முக்கோண மோசடி. மோசடிக்காரர் ஈப்போவில் கைபேசி விற்கும் ஒருவரிடம் வாங்குபவராக வருகிறார். அதே நேரத்தில் அதே கைபேசியின் படத்தை வேறிடத்தில் போட்டு, ஜொகூரில் இருக்கும் ஒருவரிடம் விற்பவராக நடிக்கிறார். ஜொகூர்க்காரரிடம் கொடுக்கும் கணக்கு எண், ஈப்போக்காரருடையது. பணம் உண்மையாகவே ஏறுகிறது. ஈப்போக்காரர் எச்சரிக்கையாகக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் கைபேசியைக் கொடுக்கிறார். பொருள் வராத ஜொகூர்க்காரர் புகார் செய்கிறார். புகாரில் இருப்பது ஈப்போக்காரரின் கணக்கு எண். தண்டனைச் சட்டத்தில் 2024-இல் 424ஏ முதலான பிரிவுகள் சேர்க்கப்பட்டு, கழுதைக் கணக்கு எனப்படும் இரவல் கணக்குகள்மீது நடவடிக்கை கடுமையாகியுள்ளது. அது தேவையான சட்டம். ஆனால் ஒரு குற்றமும் செய்யாத விற்பனையாளர் தன் கணக்கு முடங்கிப்போய், நான் கழுதை இல்லை என்று நிரூபிக்க ஓடவேண்டிய நிலையும் அதன் நிழலில் இருக்கிறது. பார்த்துச் செய்யுங்கள் என்ற அறிவுரை இங்கே முற்றாகத் தோற்கிறது, ஏனென்றால் இந்த மனிதர் பார்த்துத்தான் செய்தார். பணம் அனுப்பியவரின் பெயரும் வாங்க வந்தவரின் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது மட்டுமே இதற்குத் தடுப்பு. பெயர் வேறென்றால் பொருளைக் கொடுக்கக் கூடாது, பணத்தையும் வந்தவர் கையில் ரொக்கமாகத் திருப்பித் தரக் கூடாது, வங்கிக்கே சொல்ல வேண்டும்.

பொருள் ஒருமுறை கைவிட்டுப் போனால் சட்டம் எந்த அளவுக்குக் கைவிரிக்கும் என்பதற்கு லூயிஸ் எதிர் ஆவரே என்ற ஆங்கில வழக்கு நல்ல சான்று. பிரிஸ்டலில் ஒரு மாணவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தன் காரை விற்றார். வந்தவர் ராபின் ஹூட் வேடத்தில் புகழ்பெற்ற ரிச்சர்ட் கிரீன் என்ற நடிகர் தானே என்று சொல்லி, படப்பிடிப்பு நிலைய அனுமதிச் சீட்டைக் காட்டி, காசோலை கொடுத்துக் காரைக் கொண்டுபோனார். காசோலை திரும்பியது. அதற்குள் கார் இன்னொரு மாணவருக்கு விற்கப்பட்டிருந்தது. 1971-இல் டென்னிங் பிரபு அமர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், கார் நல்லெண்ணத்தோடு வாங்கிய இரண்டாமவருக்கே உரியது என்றது. நம் பொருள் விற்பனைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவிலும் இதே விதிதான்: ஏமாற்றிப் பெற்றவர், விற்பவர் ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் முன், விவரம் அறியாத வேறொருவருக்கு விற்றுவிட்டால் அந்த வேறொருவருக்கே உரிமை சேரும். இணையமும் வாட்ஸ்அப்பும் வருவதற்கு வெகுகாலம் முன்பே வித்தை இப்படித்தான் இருந்தது. மோசடிக்காரரைப் பிடித்தால் 420-ஆம் பிரிவின்படி ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் அபராதமும் உண்டு. ஆனால் கைபேசி திரும்பி வரும் என்பதற்கு அந்தத் தண்டனையில் உத்தரவாதம் இல்லை.

இனி, ஏற்பாடுகள் யார் பக்கம் என்று பார்ப்போம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. உலகில் பல நாடுகள் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு, ஐயமில்லை. ஆனால் அதன் கதவு பயனீட்டாளருக்கு மட்டுமே திறக்கும். வீட்டில் முறுக்கு சுற்றி விற்கும் பெண், பணம் கொடுக்காத வாடிக்கையாளர்மீது அங்கே போக முடியாது. அவர்மீது வாடிக்கையாளர் போகலாம். போலீஸ் வர்த்தகக் குற்றப் புலனாய்வுத் துறையின் செமாக் மியூல் தளமும் பணம் அனுப்பப் போகிறவரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. எதிராளியின் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம், ஆனால் விற்பவரிடம் எதிராளி கணக்கு எண்ணே கொடுப்பதில்லை, வாங்கத்தானே செய்கிறார். தொலைபேசி எண்ணைத் தட்டிப் பார்க்கலாம், அதை எல்லா விற்பனையாளரும் செய்யவும் வேண்டும், ஆனால் மோசடிக்காரருக்கு எண் மாற்றுவது எளிது. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் 997 எண், போன பணத்தை வழியில் மறிக்க உதவும். போன பொருளை மறிக்காது. விற்பனைத் தளங்களும் இதே பக்கம் சாய்ந்தவைதான். இபே நிறுவனம் 2008-இல் விற்பவர்கள் வாங்குபவர்களுக்கு எதிர்மறை மதிப்பீடு தரும் உரிமையையே எடுத்துவிட்டது. பழிவாங்கும் மதிப்பீடுகளைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் பணம் தராத வாங்குபவர் அடுத்த கடைக்குச் சுத்தமான பெயரோடு போக அது வழிவிட்டது.

வாங்குபவரை ஏமாற்றும் போலி விற்பனையாளர்கள்தானே அதிகம், அவர்களுக்கு எதிராகச் சட்டம் சாய்ந்திருப்பது நியாயம்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். 2023-இல் நாட்டில் பதிவான இணைய மோசடி வழக்குகள் 34,000-க்கு மேல், இழப்பு 120 கோடி ரிங்கிட்டுக்கு மேல், அவற்றில் வராத பொருளுக்குப் பணம் கட்டியவர்கள் ஏராளம். வாங்குபவருக்குக் கொடுத்த பாதுகாப்பில் ஒரு துளியும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் எழுதப்பட்டபோது விற்பவர் என்றால் கடை வைத்திருப்பவர், நிறுவனம், வக்கீல் வைக்கக்கூடியவர். இன்று விற்பவரும் வாங்குபவரும் ஒரே தாமானில், ஒரே வருமானத்தில் இருக்கிறார்கள். முன்பணம் கேட்டால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்பது விற்பவர்களே சொல்லும் இன்னோர் எதிர்வாதம். சிலர் ஓடுவார்கள். ஆனால் ஒருவர் மட்டும் கேட்டால்தான் அது கடுமை. தீபாவளிப் பலகாரத்துக்குப் பாதி முன்பணம், சேலைக்கு அனுப்புக் கூலியாவது முன்பணம் என்று ஊரில் விற்பவர்கள் சேர்ந்து வழக்கமாக்கிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாண மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுக்கிற சமூகம்தான் இது. ஏமாற்றியவரின் படத்தையும் அடையாள அட்டையையும் முகநூலில் போட்டு அவமானப்படுத்தலாமே என்பாரும் உண்டு. கோபம் புரிகிறது, ஆனால் அந்தப் படம் பெரும்பாலும் திருடப்பட்ட வேறொருவருடையது. தவறான ஆளைப் போட்டால் அவதூறு வழக்கும், 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவும் விற்பவர் பக்கமே திரும்பும்.

ஏற்பாடு மாறினால் அறிவுரையால் முடியாதது முடியும் என்பதற்கு அயலில் சான்று இருக்கிறது. இந்தியாவில் ஓஎல்எக்ஸில் பழைய சோபாவும் குளிர்பெட்டியும் விற்றவர்களிடம், இராணுவத்தில் இருக்கிறேன் என்று சொல்லி, பணம் அனுப்புவதாக நம்பவைத்து, பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி மோசடிக்காரர்கள் பறித்தார்கள். பணம் பெற ரகசிய எண் தேவையில்லை என்று வங்கிகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிப் பார்த்தன. கடைசியில் இந்தியத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் தனிநபர் தனிநபரிடம் பணம் கேட்கும் அந்த வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது. சீனாவில் தாவோபாவ் சந்தை 2003-இலேயே பணத்தை நடுவில் நிறுத்திவைத்து, பொருள் கிடைத்ததும் விற்பவருக்கு விடுவிக்கும் முறையை எடுத்தது, அதுவே அலிபேயாக வளர்ந்தது. ஷாப்பியில் விற்பவருக்கு இன்று கிடைக்கும் பாதுகாப்பும் அந்த வகைதான், தரகுக்கூலி கசந்தாலும் அறிமுகமில்லாத ஆளுக்கு விற்கையில் அது கொடுக்கத்தக்க கூலி என்பதே என் முடிவு. நேரலையிலும் வாட்ஸ்அப்பிலும் அந்த நடுவர் இல்லை. அங்கே அவரவர் கணக்கில் எடுக்கக்கூடிய தொகையாகப் பணம் ஏறியதைத் தன் கண்ணால் பார்ப்பது மட்டுமே நடுவர்.

ஆகவே கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தின் கதவைச் சிறு விற்பனையாளருக்கும் திறக்க வேண்டும். பெருங்கடைகள் அதைக் கடன் வசூல் இயந்திரமாக்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் தனிநபர் விற்பனையாளருக்கு மட்டும், 5,000 ரிங்கிட் வரை மட்டும் என்று வரம்பு வைக்கலாம். மன்றம் கேட்டால் விற்பனைத் தளமும் தொலைத்தொடர்பு நிறுவனமும் வாங்கியவரின் உண்மைப் பெயரையும் முகவரியையும் மன்றத்துக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த உரிமை ஏட்டில்தான் இருக்கும். முக்கோண மோசடியில் சிக்கிய கணக்கை, விற்பவர் உரையாடலையும் ஒப்படைப்புச் சான்றையும் காட்டினால் குறித்த நாட்களுக்குள் விடுவிக்கும் நடைமுறை வேண்டும். பேராவின் சட்டமன்ற உறுப்பினர்களும் நம் இயக்கங்களும் தீபாவளிச் சந்தைக்குக் கூடாரம் கேட்பதோடு நிறுத்தாமல் இதையும் எழுத்தில் கேட்கட்டும். விற்கிற ஒவ்வொருவரும், ஏமாந்த தொகை 80 ரிங்கிட்டாக இருந்தாலும், வெட்கப்படாமல் போலீஸில் புகார் பதிவு செய்யுங்கள். பதிவாகாத இழப்பைக் காட்டி எந்த அமைச்சரிடமும் சட்டம் கேட்க முடியாது.